ரிப்போர்ட் நல்லா வந்திருச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?



சமீபத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் பேசி முடித்த பிறகு, எம். புதுப்பட்டிப் பக்கத்துக் குழுவைச் சேர்ந்த ஒரு உறுப்பினர் எழுந்து தனக்கு நடந்ததைச் சொன்னார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் 'அக்கா' என்றே எழுதுகிறோம்.

அக்காவுக்கு வயது 50-க்கு மேல். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. முந்தின வருஷம் நெஞ்சு வலி வந்து, இதய ரத்தக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் கொழுப்பு மாத்திரையும் ஒன்று. சில மாதம் கழித்து ரத்தம் சோதித்ததில் கொழுப்பு அளவு நன்றாகக் குறைந்திருந்தது. பக்கத்து வீட்டு மதினி, "அதான் கொழுப்பு சரியாயிருச்சே, இன்னும் எதுக்கு அதைப் போட்டு முழுங்குற?" என்றார். மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் கூலியும் போகும். அக்கா அந்த ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டார்.

மூன்று மாதம் போனது. ஒரு நாள் வேலை செய்யும்போதே நெஞ்சில் பாரம், முதுகு வலி, வேர்வை. கூட வேலை பார்த்தவர்கள் "வாயுவா இருக்கும்" என்று சோடா வாங்கப் போனார்கள். நல்ல வேளை, செய்தி தெரிந்து ஓடி வந்த மகள் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒரு கை நிறைய மாத்திரை கொடுத்து விழுங்கச் சொல்லி, 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அக்கா பிழைத்துக்கொண்டார்.

அன்று கொடுத்தது 14 மாத்திரை. அதில் 8 மாத்திரையின் அட்டையைப் பார்த்த மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா நிறுத்திவிட்டு டப்பாவில் போட்டு வைத்திருந்த அதே மாத்திரை!

"கொழுப்பு இறங்க ரெண்டு வாரம் ஆகும்னுதான சொன்னாங்க? நெஞ்சு வலிக்கிற நேரத்துல அதையே எதுக்கு எட்டுக் கொடுத்தாங்க?" என்று அக்கா கூட்டத்தில் கேட்டார். நம்மில் யாருக்கும் பதில் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

ரத்தக் குழாய் தண்ணிக் குழாய் இல்லை

நம்ம பக்கம் உப்புத் தண்ணி. வீட்டுக் குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். ரத்தக் குழாயில் கொழுப்பும் அப்படித்தான் படிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அதில் பாதிதான் சரி.

தண்ணிக் குழாய் உயிரில்லாத பொருள். ரத்தக் குழாய் உயிருள்ளது. நாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். உடனே குழாய் விரிந்து கொடுக்கும். உட்கார்ந்து ஆற அமர இருந்தால் பழைய அளவுக்கு வரும். இந்த வேலையைக் கவனிப்பது குழாயின் உள் சுவர். ஒரே ஒரு வரிசைச் செல்லால் ஆன மெல்லிய பூச்சு அது.

பழகின தோசைக்கல்லை நினைத்துப் பாருங்கள். மாவு ஊற்றினால் ஒட்டாமல் எழும்பி வரும். அதே கல்லைப் பழக்கம் போகும்படி தேய்த்துவிட்டால் தோசை ஒட்டிப் பிய்யும். ரத்தக் குழாயின் உள் சுவரும் அப்படியே. நன்றாக இருக்கும்வரை ரத்தம் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். கெட்ட கொழுப்பு, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகையிலை ஆகியவை அந்தச் சுவரைக் கெடுக்கின்றன. கெட்ட கொழுப்பு சுவருக்கு அடியில் புகுந்து தங்குகிறது. அங்கே புண் மாதிரி அழற்சி உண்டாகி, உள்ளே கூழும் மேலே மெல்லிய தோலுமாக ஒரு கட்டி வளர்கிறது. பழுத்த கட்டி உடைவதுபோல ஒரு நாள் அந்தத் தோல் கிழியும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

வெடிமருந்தும் நெஞ்சு வலியும்

உள் சுவர் எப்படிக் குழாயை விரிக்கிறது? 1980-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி, முயலின் ரத்தக் குழாயை வைத்து ஒரு சோதனை செய்தார். உள் சுவர் பழுதில்லாமல் இருந்த குழாய் மருந்து பட்டதும் விரிந்தது. உள் சுவரைத் தேய்த்து எடுத்துவிட்ட குழாய் விரியவில்லை. ஆக, உள் சுவர் ஏதோ ஒன்றைச் சுரந்துதான் குழாயை விரிக்கிறது என்று தெரிந்தது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. இதைக் கண்டறிந்ததற்காக அவருக்கும் இன்னும் இருவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வெடியுப்போடு பழகின நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. நோபல் பரிசை ஏற்படுத்திய ஆல்ஃபிரட் நோபல், நைட்ரோகிளிசரின் என்ற வெடிபொருளை வைத்து டைனமைட் செய்தவர். கடைசிக் காலத்தில், 1896-ல், அவருடைய இதய நோய்க்கு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்தும் அதே நைட்ரோகிளிசரின்தான்! அது உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடாக மாறிக் குழாயை விரிக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இன்று நெஞ்சு வலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

அந்த மாத்திரை வெளியிலிருந்து வாயுவைக் கொடுக்கிறது. உள் சுவர் நன்றாக இருந்தால் நம் உடம்பே அதைத் தயாரித்துக்கொள்ளும்.

மாத்திரைக்கு இரண்டு வேலை

கொழுப்பு மாத்திரைகளை ஸ்டாடின் என்பார்கள். அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் என்று அட்டையில் எழுதியிருக்கும். ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ, 1973-ல், அரிசியில் வளர்ந்த ஒரு பூசணத்திலிருந்து முதல் ஸ்டாடினைக் கண்டுபிடித்தார்.

முதல் வேலை நமக்குத் தெரிந்ததுதான். நம் உடம்பிலுள்ள கொழுப்பு சாப்பாட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, கல்லீரலும் தயாரிக்கிறது. மாத்திரை அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. கல்லீரல் தனக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறைகிறது.

இரண்டாவது வேலைதான் ரிப்போர்ட்டில் தெரியாதது. கொழுப்பு தயாராகும் அதே வழியில் வேறு சில பொருள்களும் தயாராகின்றன. அவை, உள் சுவர் நைட்ரிக் ஆக்சைடு தயாரிப்பதைத் தடுக்கக்கூடியவை. மாத்திரை வழியின் ஆரம்பத்திலேயே கதவைச் சாத்துவதால் அந்தத் தடையும் குறைகிறது. சுவர் மறுபடி வாயுவைச் சுரக்கிறது, குழாய் விரிந்து கொடுக்கிறது. சுவருக்கு அடியில் உள்ள அழற்சி தணிகிறது. நாள்பட நாள்பட உள்ளே இருக்கும் கூழ் குறைந்து மேல் தோல் கெட்டிப்படுகிறது. கட்டி எளிதில் உடையாது.

இது வெறும் பேச்சில்லை. ஜெர்மனியில் இதயம் பலவீனமான நோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனை 2005-ல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு ஸ்டாடின் மாத்திரை. மறு பகுதியினருக்கு, குடலில் கொழுப்பு சேராமல் தடுக்கும் வேறு மாத்திரை. 4 வாரம் கழித்து இரு பக்கமும் கெட்ட கொழுப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்திருந்தது. ஆனால் ஸ்டாடின் போட்டவர்களுக்கு மட்டுமே கையிலுள்ள ரத்தக் குழாய் முன்னைவிட நன்றாக விரிந்தது.

ஆனாலும், கெட்ட கொழுப்பைக் குறைப்பதுதான் இந்த மாத்திரையின் பெரிய பலன் என்பதில் டாக்டர்களுக்குச் சந்தேகமில்லை. மொத்தப் பலனில் நேரடியாகச் சுவரில் செய்யும் வேலையின் பங்கு எவ்வளவு என்பதில்தான் அவர்களுக்குள் விவாதம்.

14 மாத்திரையின் கணக்கு

இப்போது அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். 2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சு வலியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்து கொடுத்து, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் திட்டம். அந்த மருந்தின் கணக்கு இது:

அஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4. இந்த ஆறும் ரத்தம் மேலும் உறையாமல் பார்க்கும். அந்த நேரத்தில் உயிரைப் பிடித்து நிறுத்துவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடோர்வாஸ்டாடின் 8. இது அன்றைக்கே கொழுப்பைக் குறைக்கக் கொடுப்பதில்லை. உடைந்த கட்டி இருக்கும் இடத்தில் அழற்சியைத் தணிக்கவும், சுவரை நிதானப்படுத்தவும், இனி தொடர்ந்து போட வேண்டிய மருந்தை முதல் நாளிலேயே ஆரம்பித்து வைக்கவும் கொடுக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை! இந்த 14 மாத்திரையை நாமே வாங்கி வைத்துக்கொண்டு போடக் கூடாது. வயிற்றுப் புண், ரத்தக் கசிவு உள்ளவர்களுக்கு ஆபத்து. ஈ.சி.ஜி. பார்த்து டாக்டர் சொன்னால்தான் போட வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பற்றி 2002-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஏற்கெனவே ஸ்டாடின் போட்டு வந்தவர்களில், தொடர்ந்து போட்டவர்களைவிட, நிறுத்தப்பட்டவர்களுக்கு 30 நாளுக்குள் மரணமோ மாரடைப்போ நேர்வது ஏறக்குறைய 3 மடங்கு. ரத்தக் கொழுப்பு அளவை வைத்து அந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை.

அக்காவுக்கு வலி வந்தது மாத்திரையை நிறுத்தியதால்தான் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் இருந்த ஒரு பாதுகாப்பைத் தானே எடுத்துவிட்டார் என்பது உண்மை.

நம்ம குழுக் கணக்கையே பாருங்கள். மாதா மாதம் சந்தா போடுவதால் கையிருப்பு நன்றாக இருக்கிறது. "கையிருப்புதான் நல்லா இருக்கே" என்று எல்லோரும் சந்தாவை நிறுத்தினால் குழு எத்தனை மாதம் தாங்கும்? மாத்திரையும் அப்படித்தான். ரிப்போர்ட் நன்றாக வந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். இனி வேண்டாம் என்று அர்த்தமில்லை.

கவனிக்க வேண்டியவை

• எல்லோருக்கும் இந்த மாத்திரை தேவையில்லை. டாக்டர் பார்த்து எழுதினால்தான் போட வேண்டும். மதினிக்குக் கொடுத்ததை நாம் வாங்கிப் போடக் கூடாது.

• கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பமாக விரும்புபவர்கள், பால் கொடுப்பவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

• சிலருக்குக் கை கால் சதை வலி வரலாம். வலி அதிகமாக இருந்தாலும், சிறுநீர் கருத்துப் போனாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை மாற்றவோ அளவைக் குறைக்கவோ வழி உண்டு.

• சிலருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடலாம். சோதனை செய்துகொள்வது நல்லது.

• நாட்டு மருந்து சாப்பிடுபவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

• மாத்திரை போடுகிறோமே என்று தினமும் எண்ணெய் புரோட்டா சாப்பிட முடியாது. காய்ச்சின எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. காராச்சேவு, ஊறுகாய், அப்பளம் அளவோடுதான். வெற்றிலையோடு போடும் புகையிலையும் ரத்தக் குழாயைக் கெடுக்கும். தினமும் அரை மணி நேரம் கைவீசி நடப்பதும் குழாயை விரிய வைக்கும். அதற்குக் காசு வேண்டாம்.

• பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. மூச்சு வாங்குதல், தாடை வலி, முதுகு வலி, வேர்வை, குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் வரும். தூரம் நின்ற பிறகு ஆபத்து கூடுகிறது. "வாயு" என்று சோடா குடித்து நேரத்தைப் போக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழுவில் என்ன செய்யலாம்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பவர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அவர்கள் வரும்போது எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள். நிறுத்தி வைத்திருப்பதையும் சொல்லுங்கள். அவர்கள் டாக்டருக்குத் தெரியப்படுத்துவார்கள்.

மாத்திரை வாங்கப் போவதால் கூலி போகிறது என்பது உண்மையான கஷ்டம். அக்காவின் குழு ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது: தொடர் மாத்திரை சாப்பிடும் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து சுகாதார நிலையம் போவது, யாருக்கு எப்போது மாத்திரை தீர்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது. நல்ல யோசனை. மற்றக் குழுக்களும் செய்யலாமே!

அடுத்த கூட்டத்தில் பேச:

1. நம்ம குழுவில் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தியவர்கள் யாராவது உண்டா? என்ன காரணம்?

2. கொழுப்பு குறைந்த பிறகும் மாத்திரை ஏன் வேண்டும்? ஒரு உறுப்பினர் மற்றவர்களுக்குச் சொந்த வார்த்தையில் விளக்கட்டும்.

3. வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் யார் போன் போடுவது, யார் கூடப் போவது? இப்போதே முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

அக்கா இப்போது மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். கூட்டம் முடியும்போது அவரே சொன்னார்: "டப்பாவுக்குள்ள கிடந்த மாத்திரை என்னைக் காப்பாத்துமா? வயித்துக்குள்ள போனாத்தான் காப்பாத்தும்."