மலைச்சரிவு நிலத்திற்குச் சிறு டிராக்டர் வாங்கும் முன்

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளில் வேலைக்கு ஆள் கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாகி வருகிறது. உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் நிலத்தைப் பண்படுத்தவும், பழத்தோட்டத்தில் புல் வெட்டவும், அறுவடையான மூட்டைகளைச் சாலை வரை கொண்டு சேர்க்கவும் வேண்டிய நாளில் ஆட்கள் அமைவதில்லை. ஆகவே, சிறு டிராக்டர் ஒன்றை வாங்கிவிட்டால் எல்லா வேலையும் எளிதில் முடிந்துவிடும் என்று மலை உழவர்கள் பலர் எண்ணுகின்றனர். "எத்தனை குதிரைத் திறன் உள்ளதை வாங்கலாம்?" என்பதே அவர்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கிறது.

சமவெளியில் இக்கேள்வி பொருந்தும். மலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "என் நிலத்தின் சரிவு எவ்வளவு?" என்பதே அது. இதற்கு விடை காணாமல் கடன்பட்டு வாங்கிய இயந்திரம் ஒன்று கொட்டகையில் முடங்கும்; அல்லது ஓட்டுபவரின் உயிருக்கே உலை வைக்கும். எனவே, சரிவுக்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

சரிவை அளத்தல்

கிடைமட்டமாக 100 மீட்டர் தொலைவுக்கு நிலம் 20 மீட்டர் உயர்ந்தால் அதை 20 சதவீதச் சரிவு என்கிறோம். இதை அளக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. 2 மீட்டர் நீளமுள்ள நேரான மூங்கில் அல்லது சட்டம் ஒன்றும், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றும், அளவு நாடா ஒன்றும் போதும். சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, மறுமுனையைப் பள்ளத்துப் பக்கம் நீட்டிப் பிடிக்கவும். ரசமட்டத்தை மேலே வைத்துச் சட்டத்தைக் கிடைமட்டமாக்கவும். பின் பள்ளத்துப் பக்க முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளக்கவும். சென்டிமீட்டரில் வரும் எண்ணில் பாதியே சரிவுச் சதவீதம். உயரம் 20 செ.மீ. எனில் சரிவு 10 சதவீதம், 40 செ.மீ. எனில் 20 சதவீதம், 66 செ.மீ. எனில் 33 சதவீதம்.

இவ்வாறு பத்து இடங்களிலாவது அளக்க வேண்டும். சராசரியைக் கணக்கில் கொள்ளக் கூடாது. இருப்பதிலேயே செங்குத்தான இடம் எதுவோ அதையே கணக்கில் கொள்ள வேண்டும். கருவி கவிழ்வது சராசரிச் சரிவில் அன்று. வயலுக்குச் செல்லும் வண்டித் தடத்தையும் மறவாமல் அளக்கவும்.

மண்ணுக்கு ஒரு திசை, டிராக்டருக்கு வேறு திசை

மலை நிலத்தில் உழவும் பாரும் சரிவுக்குக் குறுக்காகவே அமைய வேண்டும் என்பதை உழவர்கள் அறிவர். மேலிருந்து கீழாகச் சால் ஓட்டினால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகி, மழைநீர் மேல்மண்ணை வாரிச் சென்றுவிடும். ஆனால், ஆள் உட்கார்ந்து ஓட்டும் டிராக்டருக்குச் சரிவின் குறுக்கே ஓடுவதே மிகவும் ஆபத்தானது.

காரணம் எளியது. டிராக்டரின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அதை ஈர்ப்பு மையம் என்பர். அப்புள்ளியிலிருந்து தொங்கவிடும் தூக்குக் குண்டு இரு சக்கரங்களுக்கும் இடையே விழும்வரை டிராக்டர் நிற்கும். சரிவின் குறுக்கே செல்லும்போது அது பள்ளத்துப் பக்கச் சக்கரத்தை நோக்கி நகர்கிறது. சக்கரத்தைத் தாண்டிவிட்டால் டிராக்டர் உருண்டுவிடும். ஒரு கணக்கைப் பாருங்கள். சக்கரங்களின் இடைவெளி 1 மீட்டர். மேட்டுப் பக்கச் சக்கரம் 10 செ.மீ. உயரக் கல்லின் மேல் ஏறுகிறது. அதே நேரத்தில் பள்ளத்துப் பக்கச் சக்கரம் 10 செ.மீ. குழியில் இறங்குகிறது. இதனால் மட்டும் சரிவு 20 சதவீதம் கூடிவிடுகிறது. 20 சதவீதமாக இருந்த நிலம் அந்த நொடியில் 40 சதவீதமாகிறது.

ஆகவே, படிமட்டம் அமைக்காத சரிவில் டிராக்டர் ஏறி இறங்கி ஓடினால் மண் போகும். குறுக்கே ஓடினால் ஆள் போவான். இவ்விரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான வழி டிராக்டருக்கு இல்லை. ஆனால், பின்னால் நடந்து சென்று இயக்கும் சிறு கருவிகளுக்கு இச்சிக்கல் குறைவு. அவற்றைச் சரிவின் குறுக்கே ஓட்டுவதே மண்ணுக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. மலை நிலத்திற்குக் கருவி தேர்ந்தெடுப்பதில் அடிப்படை இதுவே.

படிமட்டத்தின் அகலம்

"என் நிலத்தில் படிமட்டம் இருக்கிறதே, அங்கே டிராக்டர் ஓட்டலாம் அல்லவா?" என்று கேட்கலாம். ஓட்டலாம், ஆனால் அகலம் போதுமா என்று பார்க்க வேண்டும். 16 முதல் 33 சதவீதம் வரை சரிவுள்ள நிலங்களில் படிமட்டம் அமைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. நிலம் செங்குத்தாக ஆக ஆகப் படியின் அகலம் குறைந்துகொண்டே வரும். படிக்குப் படி 1.5 மீட்டர் உயரமும், கரைக்கு ஒன்றுக்கு ஒன்று சாய்வும் வைத்தால், 20 சதவீதச் சரிவில் 6 மீட்டர் அகலம் கிடைக்கும்; 25 சதவீதத்தில் 4.5 மீட்டர், 33 சதவீதத்தில் 3 மீட்டர் மட்டுமே கிடைக்கும்.

கரை விளிம்பில் டிராக்டரின் பாரத்தை ஏற்றக் கூடாது. கரை எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் விளிம்பிலிருந்து விலகியே ஓட்ட வேண்டும் என்பது நினைவில் வைக்கத்தக்க விதி. 6 மீட்டர் அகலப் படியில் 1.5 மீட்டரை விட்டால் எஞ்சுவது 4.5 மீட்டர். திரும்பும் ஆரம் 2.5 மீட்டராக உள்ள சிறு டிராக்டர் ஒரே வீச்சில் வளைந்து திரும்ப 5 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே 6 மீட்டர் படியிலேயே முன்னும் பின்னும் நகர்த்தித்தான் திருப்ப முடியும். 4 மீட்டருக்குக் குறைவான படிகளில் டிராக்டரைப் பற்றி எண்ணவே வேண்டாம்.

எந்நிலத்திற்கு எக்கருவி?

1. சரிவு 10 சதவீதத்திற்குள் இருக்கும் நிலம், 6 மீட்டருக்கு மேல் அகலமுள்ள படிமட்டம்: 15 முதல் 25 குதிரைத் திறன் கொண்ட சிறு டிராக்டரைப் பயன்படுத்தலாம்.

2. சரிவு 10 முதல் 20 சதவீதம், அல்லது 3 முதல் 6 மீட்டர் அகலமுள்ள படிமட்டம்: பவர் டில்லர் ஏற்றது. படி ஏற இறங்கச் சாய்வான தடம் அமைத்துக்கொள்ள வேண்டும்.

3. சரிவு 20 முதல் 33 சதவீதம், அல்லது மிகக் குறுகிய படிமட்டம்: 5 முதல் 9 குதிரைத் திறன் கொண்ட விசைக் களையெடுப்பான் போதும். 12 குதிரைத் திறன் பவர் டில்லர் சுழல் கலப்பையுடன் 400 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. விசைக் களையெடுப்பான் ஏறத்தாழ 100 கிலோதான். சறுக்கினாலும் ஆளால் சமாளிக்க முடியும்.

4. சரிவு 33 சதவீதத்திற்கு மேல்: இந்நிலத்தை உழவே கூடாது. பழமரம், தீவனப்புல், தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிர்களே ஏற்றவை. தோளில் மாட்டி இயக்கும் புல் வெட்டும் கருவி ஒன்றே இங்கு வேண்டிய இயந்திரம்.

புல் வெட்ட மட்டும் உட்கார்ந்து ஓட்டும் கருவி வாங்க நினைப்போர் ஒன்றை அறிய வேண்டும். 15 பாகைக்கு, அதாவது 27 சதவீதத்திற்கு மேற்பட்ட சரிவில் அத்தகைய கருவிகளை ஓட்டக் கூடாது என்று அவற்றின் கையேடுகள் எச்சரிக்கின்றன. சிலவற்றுக்கு 10 பாகையே எல்லை. ஈரப்புல்லில் இந்த அளவும் அதிகமே.

உயரமும் குதிரைத் திறனும்

மலையேறினால் காற்றின் அடர்த்தி குறைகிறது. இயல்பாகக் காற்றை இழுத்துக்கொள்ளும் இயந்திரங்கள் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கின்றன. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஐந்தில் ஒரு பங்கு திறன் குறைந்துவிடும். சமவெளியில் 10 குதிரைத் திறன் தரும் இயந்திரம் அங்கு 8 மட்டுமே தரும். ஆகவே, சமவெளியில் செய்து காட்டியதை நம்பி வாங்க வேண்டாம். உங்கள் நிலத்திலேயே, உங்கள் மண்ணிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சிறு இயந்திரங்கள் சிலவற்றில் அடியிலுள்ள எண்ணெய் தெறித்தே உட்பாகங்களுக்கு மசகாகிறது. மிகவும் சாய்ந்த நிலையில் ஓடும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, உட்பாகங்கள் வறண்டு தேய்ந்துவிடும். எத்தனை பாகை சாய்வு வரை ஓட்டலாம் என்பதைக் கையேட்டில் பார்த்து, எண்ணெய் அளவை நாள்தோறும் சரிபார்க்க வேண்டும்.

டிராக்டர் வாங்குவதானால் பார்க்க வேண்டியவை

* அடக்கமான உயரமும் அகலமான சக்கர இடைவெளியும் உள்ளதாக இருக்க வேண்டும். சக்கரத் தட்டுகளை மாற்றிப் பொருத்தி இடைவெளியைக் கூட்டும் வசதி இருப்பது நல்லது.

* கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் இன்றியமையாதவை. சுவீடன் நாட்டில் 1959 ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்கு இச்சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. மரக்கிளை இடிக்கிறது என்று அதைக் கழற்றி வைக்க வேண்டாம். சட்டம் நிமிர்ந்திருக்கும்போது பட்டை கட்டாயம். மடக்கி வைத்திருக்கும்போது பட்டை அணியக் கூடாது.

* நான்கு சக்கரங்களும் இயங்கும் வகை ஏற்றத்தில் எளிதில் சறுக்காது. இறக்கத்தில் இயந்திரத்தின் தடுப்பு விசை நான்கு சக்கரங்களிலும் கிடைக்கும்.

* பின்சக்கர டயர்களில் முக்கால் பங்கு வரை நீர் நிரப்பலாம். எடை கூடுவதோடு ஈர்ப்பு மையமும் தாழும்.

* சாலையிலும் சரிவிலும் இரு பிரேக் மிதிகளையும் இணைத்தே ஓட்ட வேண்டும்.

பாரம் இழுப்பதற்கும் கணக்கு உண்டு. டிராக்டர் 800 கிலோ, பாரத்துடன் டிரெய்லர் 1,000 கிலோ என்று கொள்வோம். 20 சதவீத ஏற்றத்தில் சமதரையில் வேண்டியதைவிட 360 கிலோ இழுவிசை கூடுதலாகத் தேவை. இறங்கும்போது இதே 360 கிலோ விசை டிராக்டரையும் டிரெய்லரையும் கீழ்நோக்கி இழுக்கும். எனவே, எந்தக் கியரில் ஏற முடியுமோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். நடுச்சரிவில் கியர் மாற்றவோ கிளட்சை மிதிக்கவோ கூடாது. பாரத்தைப் பின்புறக் கீழ்க் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். உயரமான இடத்தில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி, டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும்.

பவர் டில்லர் ஓட்டுபவர்களுக்கு

பவர் டில்லரில் எந்தப் பக்கக் கிளட்சைப் பிடிக்கிறோமோ அந்தப் பக்கம் திரும்பும். இது சமதரையில் உண்மை. இறக்கத்தில் இது நேர்மாறாகிவிடும். பிடித்த பக்கத்துச் சக்கரம் விடுபட்டு வேகமாக உருள்வதால், கருவி மறுபக்கம் திரும்பும். இதை அறியாத புதியவர் வலப்பக்கம் திருப்ப எண்ணி இடப்பக்கப் பள்ளத்தில் விழுவார். இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல், வேகத்தைக் குறைத்துக் கைப்பிடியைத் தள்ளியே திருப்பப் பழக வேண்டும். சரிவின் குறுக்கே உழும்போது மேட்டுப் பக்கமாகவே நடந்து வாருங்கள்.

புல்லை வெட்டுங்கள், செதுக்காதீர்கள்

படிமட்டக் கரைகளிலும் பழத்தோட்டத்திலும் புல்லைக் கொத்திச் செதுக்குவதால் மண் நெகிழ்ந்து அடுத்த மழையில் சரிகிறது. புல்லை 5 முதல் 8 செ.மீ. உயரம் விட்டு வெட்டி, வெட்டியதை மரத்தடியில் மூடாக்காகப் போடலாம். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கருவி இயங்கும்போது கண்ணாடியும் காலணியும் அணிய வேண்டும். 15 மீட்டர் சுற்றளவில் யாரும் நிற்கக் கூடாது.

சொந்தமா, வாடகையா?

கணக்குக்காக, டிராக்டரின் விலை 4 லட்சம் ரூபாய் என்றும், 10 ஆண்டுகளுக்குப் பின் 40,000 ரூபாய்க்கு விற்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் 36,000 ரூபாய். சராசரி மதிப்பான 2,20,000 ரூபாய்க்கு 10 சதவீத வட்டி 22,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 58,000 ரூபாய். ஆண்டுக்கு 500 மணி நேரம் ஓடினால் மணிக்கு 116 ரூபாய் ஆகும். இரண்டு ஏக்கர் உழவர் 60 மணி நேரம் மட்டும் ஓட்டினால் மணிக்கு 967 ரூபாய் ஆகிவிடும். எரிபொருள், பழுதுபார்ப்பு, ஓட்டுநர் கூலி ஆகியவை இதில் சேரவில்லை. உங்கள் ஊர் வாடகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று நான்கு பேர் சேர்ந்து குழுவாக வாங்குவதும், வேளாண்மைப் பொறியியல் துறையிடம் வாடகைக்குப் பெறுவதும் சிறு உழவருக்கு ஏற்ற வழிகள். மானியம் உண்டு என்பதற்காகவே தேவைக்கு மேல் பெரிய கருவியை வாங்க வேண்டாம். மானியம் போக மீதிப் பணம் நம்முடையதே.

மலை நிலத்தில் சிறிய கருவியை வைத்திருப்பது குறைவான செயலன்று. அது பெரும்பாலும் சரியான கணக்கின் முடிவாகவே இருக்கும். எனவே, விற்பனையாளரிடம் செல்லும் முன் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, 2 மீட்டர் சட்டத்தையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு நிலத்துக்குச் செல்லுங்கள். சரிவையும் படியின் அகலத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவி வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.