சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்துவோம்

சங்கக் கணக்கேடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஓர் உறுப்பினரின் கணக்கு 5ஆம் பக்கத்தில் தொடங்குகின்றது. அது நிறைந்ததும் இடமுள்ள 18ஆம் பக்கத்திலும், பின்னர் 40ஆம் பக்கத்திலும் தொடர்கின்றது. எதுவும் தொலையவில்லை. ஆயினும் மீதியைச் சொல்வதற்குப் பொருளாளர் மூன்று இடங்களைப் புரட்ட வேண்டும். கணனியின் வன்தட்டிலும் இதுவே நிகழ்கின்றது.

வன்தட்டினுள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் பொதுவாக நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கின்றன. சிறு முனையொன்று அவற்றின் மேல் அசைந்து தகவலை வாசிக்கின்றது. 7200 தடவை சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8 மில்லிசெக்கன் செல்லும். கோப்பு நூறு துண்டுகளாகச் சிதறியிருந்தால், முனை ஒவ்வொரு துண்டையும் தேடிச் சென்று, அது சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். இவ்வாறு தாமதம் பெருகுகின்றது. துண்டுகளை அடுத்தடுத்து வைப்பதே ‘டிஃப்ராக்’ எனப்படும் ஒழுங்குபடுத்தல். 1993இல் வெளிவந்த எம்.எஸ். டொஸ் 6இலேயே இதற்கான கருவி இருந்தது.

செய்யும் முறை:

1. முதற்கண் கணக்குகளையும் கடிதங்களையும் வேறொரு தட்டிற் பிரதி செய்க.

2. வேண்டாத கோப்புகளை நீக்குக. துண்டுகளை நகர்த்த வெற்றிடம் தேவை. 15 வீதமாவது இருப்பது நன்று.

3. வின்டோஸ் 10இல் ‘சி’ தட்டின் மேல் வலப் பொத்தானை அழுத்தி, ‘ப்ரொப்பர்ட்டீஸ்’, ‘டூல்ஸ்’, ‘ஒப்டிமைஸ்’ என்ற வழியே செல்க. தட்டின் வகை அங்கே காட்டப்படும்.

4. வன்தட்டாயின் ‘அனலைஸ்’ கொடுத்து, சிதறல் அதிகமெனில் ஒழுங்குபடுத்துக. மின்வெட்டு வரக்கூடிய வேளையைத் தவிர்க்கவும்.

எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் தட்டோ அசையும் முனையோ இல்லை. ஆகவே சிதறலால் அதற்குப் பெரிய தாமதமில்லை. வீணாக மீண்டும் மீண்டும் எழுதுவது அதன் ஆயுளையே குறைக்கும். வின்டோஸ் அதனை வேறு விதமாகப் பராமரிக்கும். நாம் தனியான டிஃப்ராக் மென்பொருளை ஏவத் தேவையில்லை.

கணனி மெதுவாவதற்கு நினைவகம் போதாமை, வைரஸ், பழுதடையும் தட்டு ஆகியனவும் காரணமாகலாம். தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று வழமையற்ற ஒலி கேட்டால் ஒழுங்குபடுத்த முற்படாதீர்கள். அது பழுதான தட்டை மேலும் உழைக்க வைக்கும். கோப்புகளை உடனே பிரதி செய்து, தட்டை மாற்றுங்கள். வேகம் குறைந்த கணனியோடு சில காலம் சமாளிக்கலாம். உறுப்பினரின் பல வருடச் சேமிப்புக் கணக்கு அழிந்தால் அதனை மீட்பது எளிதன்று.

கலந்துரையாடுவோம்:

நமது சங்கக் கணக்குகளின் பிரதி எங்கே உள்ளது? அது கடைசியாக எடுக்கப்பட்டது எப்போது? அதற்குப் பொறுப்பானவர் யார்?