மின்னூட்டமற்ற அணுவுக்கு ஒளியால் ஒரு காந்தப்புலம்

காந்தப்புலத்தில் ஓடும் எலக்ட்ரான் வளைந்து செல்லும் என்பதைப் பள்ளி நாள்களிலேயே கைவிரல்களை மடக்கி நீட்டிப் படித்திருக்கிறோம். மின்னூட்டம் சுழி என்றால் அந்த விசையும் சுழி. அப்படியிருக்க, மின்னூட்டமே இல்லாத ருபீடியம் அணுக்களை எலக்ட்ரான்களைப் போல நடக்கச் செய்ய ஆய்வாளர்கள் ஏன் இத்தனை பாடுபட வேண்டும்?

காரணம் உண்டு. 1980-இல் கிளவுஸ் வான் கிளிட்சிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவும், 1982-இல் வெளிப்பட்ட அதன் பின்ன வடிவமும் திடப்பொருளுக்குள் நிகழ்பவை. அங்கே மாசுகள் உண்டு. எலக்ட்ரான்களைத் தனித்தனியே பார்ப்பதும் அரிது. குளிர் அணுக்கள் அப்படியல்ல. கெல்வின் அளவில் ஒரு கோடியில் ஒரு பங்கு வெப்பநிலைக்கு இறக்கிவிட்டால், அவை தூய்மையான, நம் விருப்பப்படி மாற்றத்தக்க, படமெடுக்கத்தக்க ஒரு மாதிரி உலகமாகின்றன. குறை ஒன்றுதான்: காந்தப்புலம் அவற்றை வளைப்பதில்லை.

முதலில் கையாண்ட வழி சுழற்சி. சுழலும் மேடையில் ஓடும் பொருளை வளைக்கும் கொரியாலிஸ் விசை, காந்த விசையின் அதே கணித வடிவம் கொண்டது. ஆனால் மிக வேகமாகச் சுழற்றினால் மையவிலக்கு விசை அணுக்களைப் பொறியிலிருந்தே வெளியேற்றிவிடும்.

2009-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் யு-ஜூ லின், இயன் ஸ்பீல்மன் குழுவினர் சுழற்றாமலே இதைச் செய்து காட்டினர். அவர்களின் உத்தியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஓர் அணுவின் ஆற்றலை அதன் உந்தத்திற்கு எதிராக வரைந்தால் கிண்ணம் போன்ற வளைகோடு கிடைக்கும். கிண்ணத்தின் அடி சுழி உந்தத்தில் இருக்கும். மின்னூட்டமுள்ள துகளுக்கு, காந்தப்புலத்தின் வெக்டர் பொட்டென்ஷியல் இக்கிண்ணத்தை ஒரு பக்கமாக நகர்த்துகிறது. எனவே, கிண்ணத்தை வேறு வழியில் நகர்த்தினாலும் போதும் அல்லவா?

வெவ்வேறு திசைகளிலிருந்து இரு லேசர் கதிர்கள் அணுக்கள் மேல் விழுகின்றன. அணு ஒன்றிலிருந்து ஃபோட்டானை வாங்கி மற்றொன்றுக்குக் கொடுக்கிறது. இம்மாற்றம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமனின் பெயரால் வழங்குவது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இதில் அணுவின் தற்சுழற்சி நிலை மாறுகிறது. கூடவே ஓர் உதையும் கிடைக்கிறது. ஒரு ஃபோட்டான் ருபீடியம் அணுவுக்குத் தரும் உதை வினாடிக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான். இந்தக் குளிரில் அது பெரிய வேகம். இவ்வாறு பல நிலைகள் கலந்த அணுவின் கிண்ணம் நகர்ந்துவிடுகிறது.

எல்லா இடத்திலும் ஒரே அளவு நகர்ந்தால் காந்தப்புலம் பிறக்காது. இடத்துக்கு இடம் நகர்வு மாறவேண்டும். அந்த மாறுபாடுதான் செயற்கைக் காந்தப்புலம். அதற்காக ஒரு திசையில் மெல்ல வளரும் உண்மையான காந்தப்புலத்தை வைத்தார்கள். செயற்கைப் புலம் செய்ய அசல் காந்தமா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அது அணுவின் ஆற்றல் மட்டங்களின் இடைவெளியை இடத்துக்கு இடம் மாற்றுகிறதே தவிர, பாதையை வளைப்பது அதன் வேலையன்று.

விளைந்ததற்குச் சான்று? போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள் சாதாரண நீரைப் போலச் சுழலாது; குறிப்பிட்ட அளவுள்ள சுழல்களாகவே சுழலும். புலம் போதிய வலிமை பெற்றதும், யாரும் கலக்காமலே சுழல்கள் உள்ளே நுழைந்தன. படத்தில் அவை சிறு துளைகளாகத் தெரிந்தன. என்னைப் பொறுத்தவரை, இதற்கு மேல் வாதம் தேவையில்லை. ஆகவே தமிழில் இதைப் ‘போலிக் காந்தப்புலம்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். போலி என்றால் ஏமாற்று. இங்கே விளைவு உண்மையானது, தோற்றுவாய்தான் வேறு.

தொல்லையும் உண்டு. அதே லேசர் ஒளியை அணுக்கள் உறிஞ்சிச் சிதறடிப்பதால் வாயு சூடேறுகிறது. 2013-இல் மியூனிக்கிலும் எம்.ஐ.டி.யிலும், ஒளியாலான பின்னல் தளத்தில் அணுக்களைத் தாவவிட்டு மிக வலிமையான புலங்களைப் பெற்றனர். நம் பக்கத்திலும் பணி நடந்திருக்கிறது: 2018-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள், மூன்று லேசர் கதிர்களைக் கொண்டு ஸ்ட்ரோன்டியம் அணுக்களில், செயல்களின் வரிசை மாறினால் விளைவும் மாறும் வகைப் புலத்தைக் காட்டினர். 2023-இல் ஹார்வர்டில் பின்ன ஹால் நிலையே அணுக்களில் உருவாயிற்று. பங்கேற்றவை 2 அணுக்கள், 16 இடங்கள். அந்த 2-ஐச் சூடேறாமல் 20 ஆக்குவது எப்படி என்பதே இப்போதைய கேள்வி.