ரிப்போர்ட்டில் பூஞ்சை, சுவரில் தண்ணீர்

ஓசூர் மேட்டில் ஆடி பிறந்தால் கார்த்திகை வரை ஈரம்தான். தென்மேற்குப் பருவமழையும் எட்டிப் பார்க்கும், வடகிழக்கும் தன் பங்குக்கு வரும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் என்பதால் மார்கழி இரவில் கான்கிரீட் சுவர் ஜில்லிட்டுப் போகும். ஓசூரை ஒட்டிய மத்திகிரியின் வாடகை வரிசை வீடுகளில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் பகலில் ஜன்னலையும் திரையையும் மூடிக்கொண்டு தூங்குவார்கள். சமையல் அதே அறையில், துணி காய்வதும் அதே அறையில். ஒருநாள் பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி.

முன்பெல்லாம் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். இப்போது ஆன்லைனில் பூஞ்சை டெஸ்ட் கிட் கிடைக்கிறது, காற்றைப் பிடித்து லேபுக்கு அனுப்பவும் ஆள் இருக்கிறது. ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

நம்பிக்கை: தட்டில் பூஞ்சை வளர்ந்துவிட்டது, வீடு கெட்டுவிட்டது.

கிட்டில் வரும் சின்னத் தட்டைத் திறந்து வைத்தால் எந்த வீட்டிலும் ஏதாவது முளைக்கும். பூஞ்சை வித்து இல்லாத காற்று கிடையாது. மாவு புளித்ததை வைத்து அடுக்களை அசுத்தம் என்று யாரும் சொல்வதில்லை. தட்டில் எவ்வளவு காற்று பட்டது என்ற கணக்கும் இல்லை. கனமான வித்துகள் சீக்கிரம் விழும், லேசானவை மிதந்துகொண்டே இருக்கும். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

நம்பிக்கை: எண் பெரிதென்றால் ஆபத்து, சிறிதென்றால் நிம்மதி.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காற்றை உறிஞ்சும் சிறு பம்பை வழக்கமாக நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 5 நிமிடம் ஓட்டுவார்கள். சிக்குவது 75 லிட்டர் காற்று. ரிப்போர்ட்டிலோ எல்லாம் ஒரு கன மீட்டருக்கு, அதாவது 1,000 லிட்டருக்கு. ஆகவே வித்துகள் ஒட்டும் கண்ணாடித் தகட்டை முழுக்கப் பார்த்து ஒரே ஒரு வித்தைக் கண்டிருந்தாலும் தாளில் ‘13’ என்று ஏறும். ‘40’ என்றால் மூன்று வித்து. ஜன்னலைத் திறந்தாலோ, போர்வையை உதறினாலோ, யாராவது பெருக்கினாலோ இந்த எண் தலைகீழாகும். அந்த 5 நிமிடத்துக்கு மட்டுமே அது செல்லுபடி.

எனவே ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டியது, அதே நேரத்தில் வீட்டுக்கு வெளியே எடுத்த சாம்பிள். அது இல்லாத ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடலாம். மத்திகிரியில் இது இன்னும் முக்கியம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் குதிரைக்காகத் தொடங்கிய பழைய கால்நடைப் பண்ணை பக்கத்திலேயே இருக்கிறது. வைக்கோல், சாணம், ராகித் தாள் என்று வெளிக்காற்றிலேயே வித்து தாராளம். உள்ளே 2,000, வெளியே 3,000, வகைகளும் அதே என்றால் வெளிக்காற்று உள்ளே வந்து போகிறது, அவ்வளவுதான். உள்ளே 900, வெளியே 200, அதுவும் வெளியே அரிதான ஒரு வகை உள்ளே மட்டும் மிகுந்திருக்கிறது என்றால் வீட்டுக்குள் எங்கோ வளர்கிறது. சின்ன எண்தான் இங்கே கெட்ட சேதி. ‘பெனிசிலியம்/ஆஸ்பர்ஜில்லஸ்’ என்று இரண்டையும் ஒரே வரியில் போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நுண்ணோக்கியில் அவற்றின் வித்துகளைப் பிரித்துச் சொல்ல முடியாது.

சிவப்பு எழுத்தில் ‘அதிகம்’ என்று போட்டிருந்தால்? அந்த வரம்பு லேபே வைத்துக்கொண்டது. உணவுக்குச் சட்ட வரம்பு உண்டு. பூசணம் பிடித்த தீவனத்தைத் தின்ற மாட்டின் பாலில் வரும் அஃப்ளாடாக்சின் எம்1, கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. வீட்டுக் காற்றுக்கு அப்படி எதுவும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஓதம், பூஞ்சை பற்றித் தனி வழிகாட்டி நூலே வெளியிட்டும் ஓர் எண்ணைச் சொல்லவில்லை. ஓதத்தைத் தடுங்கள் என்றது. பூஞ்சை கண்ணுக்கே தெரிகிறதென்றால் பெரும்பாலும் சாம்பிளே வேண்டாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

நம்பிக்கை: கறுப்பாக இருந்தால் அது ‘பிளாக் ஃபங்கஸ்’.

2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு வந்த பயம் இன்னும் போகவில்லை. அந்த நோய் மியூக்கர்மைகோசிஸ். கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் அது பிடித்தது. கறுப்பு என்ற பெயர் செத்துப்போன சதையின் நிறத்தால் வந்தது. பீரோவுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம் போன்ற சாதாரண வகை. அமெரிக்கர்கள் அஞ்சும் ஸ்டாக்கிபோட்ரிஸ், நாள்கணக்கில் ஊறிய அட்டை, காகிதம், ஜிப்சம் பலகை மாதிரியானவற்றில்தான் செழிக்கும். நிறத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. அதற்காகச் சும்மா விட்டுவிடவும் கூடாது: எந்தப் பூஞ்சையானாலும் ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பைக் கூட்டும்.

நம்பிக்கை: வெள்ளையாகப் பூத்திருப்பதும் பூஞ்சைதான்.

தரையோரச் சுவரில் பொடிப்பொடியாக உதிர்வது பெரும்பாலும் உப்பு. ஈரத்துணியால் தொட்டால் கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. ஆனால் உப்பு பூத்தாலும் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது என்றுதான் பொருள்.

நம்பிக்கை: ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ், ஆகவே வீடுதான் காரணம்.

பூஞ்சைக்கான ஐஜிஇ பாசிட்டிவ் என்றால் உடம்பு அதற்கு ஒவ்வாமை காட்டத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். நோயா இல்லையா என்பதை மூச்சும் இருமலும் சொல்ல வேண்டும். ஐஜிஜி, எப்போதோ எங்கோ பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அநேகமாக எதுவும் சொல்லாது. சிறுநீரில் பூஞ்சை நச்சு பார்க்கும் டெஸ்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஆஸ்துமா கட்டுப்படாமல், பழுப்பாகச் சளி கட்டி கட்டியாக வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்பர்ஜில்லஸ் நுரையீரலிலேயே ஒவ்வாமை கிளப்பும் நோய் ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு.

நம்பிக்கை: பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மேலே வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் முடிந்தது.

அடுத்த மழைக்குப் பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால் கொன்றால் போதாது, சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுக்க வேண்டும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு மலிவான டெஸ்ட். ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் போகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், சுவரை ஒட்டி, ஈரம் கோத்திருந்தால் சுவர் தண்ணீர் குடிக்கிறது: மொட்டை மாடி, டேங்க் பைப், பாத்ரூம் தரை என்று தேட வேண்டும். வெளிப்பக்கம் ஈரம் என்றால் சோற்று ஆவியும் துணி ஈரமும் குளிர்ந்த சுவரில் படிகிறது. பீரோவை ஒரு சாண் தள்ளி வைத்து, சமைக்கும்போது ஜன்னலைத் திறந்தாலே பாதி குறையும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தத் தாள் லேப் ரிப்போர்ட்டைவிடப் பயன்படும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கட்டுமானப் பழுதும் தண்ணீர்க் குழாய் மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. உள்பக்கம் ஈரம் என்றால் தாளைப் பிரிப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.