துக்க வீட்டில் முந்திக்கொள்ளாதே

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

சபைப் பத்திரிகையில் மாமாவை இழந்த முசரவாக்கத்து அத்தையைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். வசனம் எடுத்தாள உனக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. என் எரிச்சல் வேறு.

இரண்டாம் பத்தியிலேயே தேவனை நெசவாளியாக்கி, நாம் பார்ப்பது துணியின் பின்புறம் என்கிறாய். காஞ்சிபுரம் வட்டாரத்தில் இதைச் சொல்லாத பிரசங்கியாரே கிடையாது. நிஜத் தறி அத்தை வீட்டுக்குள்ளேயே நிற்கிறதே, அதை ஏன் விட்டாய்? கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். மாமா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்வார். அத்தை பக்கத்திலிருந்து கரை நாடாவைத் தள்ளுவாள். அவர் போய்விட்டார். பாவு பாதியில் நிற்கிறது; முதலாளி கொடுத்த முன்பணமும் தலைமேல் நிற்கிறது.

அடுத்தது, நீ எடுத்துக்காட்டிய வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ். விபத்து, தேவசித்தம், சாதனை என்று மூன்றே வரியில் முடித்துவிட்டாய். 1954இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு அவருக்குக் கால்கள் போயின. நோயாளியின் கையில் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கு நிற்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைச் சரிசெய்தார். வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்தது 1966இல். நடுவே பன்னிரண்டு வருஷம் இருக்கிறது தம்பி! ஆறுதல் விளைந்தது அங்கேதான். அதைத்தான் நீ தாண்டிக் குதித்தாய்.

எங்கள் பழைய உபதேசியார் துக்க வீட்டுக்குப் போனால் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பந்தல்காரனுக்குப் பணம் போனதா என்று கேட்பார், பெஞ்சு தூக்குவார். பொழுது சாய்ந்தபின் சின்னதாய் ஒரு ஜெபம், அவ்வளவுதான். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள், வாயைத் திறந்ததும் கெட்டது என்பார். தேவனுக்கு நோக்கம் உண்டென்று நானும் நம்புகிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் பட்டவர். பார்க்கப் போனவர் முந்திக்கொள்ளக் கூடாது.

ஒன்று சொல்லியாக வேண்டும். சபையார் ஜெபித்து முடித்ததும் அத்தை ஆமென் சொல்லாமல், கரண்ட் பில் கட்டக் கடைசித் தேதி என்ன என்று கேட்டாளே, அந்த இடம்! இத்தனை வருஷம் எழுதியும் எனக்கு அப்படி ஒன்று அமையவில்லை. அதற்கடுத்த வரியிலேயே வசனத்தைப் போட்டு அவள் வாயை அடைத்துவிட்டாய்.

மறுபடி அத்தையிடம் போ. தேவசித்தம் இன்னதென்று அவளாகச் சொன்னால் எழுது. சொல்லாவிட்டால், அந்தப் பாவை யார் வந்து நெய்து முடித்தார்கள் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்