சூடானின் எண்ணெய்க் குழாயும் தென்பகுதிக் கிளர்ச்சியும்

போர் நிகழும் மண்ணில் பிறநாட்டு நிறுவனங்கள் எண்ணெய்க் குழாய் பதிக்க முற்படும்போதெல்லாம் அங்குள்ள கிளர்ச்சியாளர் அதனை எதிர்த்து எழுவதைக் காண்கின்றோம். அவர்களை வளர்ச்சியின் பகைவர் என்று ஒரு சாரார் பழிப்பர். மண்ணின் காவலர் என்று மறுசாரார் புகழ்வர். இவ்விரு தீர்ப்புகளையும் அப்படியே ஏற்க இயலாது என்பதற்குச் சூடான் நாட்டு வரலாறு தக்க சான்றாகும். அதனையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

சூடானின் வடபகுதியில் அரபு மொழி பேசும் முஸ்லிம்கள் மிகுதி. தென்பகுதியில் திங்கா, நுவேர் முதலிய மாடு வளர்க்கும் இனத்தவர் பெருந்தொகையினர். இரு பகுதிகளுக்குமிடையே நிகழ்ந்த பதினேழாண்டுப் போரை 1972-ஆம் ஆண்டின் அடிஸ் அபாபா உடன்படிக்கை நிறுத்தித் தெற்கிற்குத் தன்னாட்சி வழங்கியது. அமைதி நிலவிய அக்காலத்தில்தான் அமெரிக்காவின் செவ்ரான் நிறுவனம் தெற்கே பென்டியு நகரையொட்டி எண்ணெய் கண்டது. அவ்வயலுக்கு 'ஒற்றுமை' என்று பெயர் சூட்டினர். பெயரில் மட்டுமே ஒற்றுமை! 1980-இல் வட, தென் எல்லையையே மாற்றி அந்நிலங்களை வடக்கோடு சேர்க்கக் கார்ட்டூம் அரசு முயன்றது. தெற்கில் அமையுமென மக்கள் எதிர்பார்த்த சுத்திகரிப்பு ஆலை வடக்கே கோஸ்தியில் அமையும் என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் அதுவும் கைவிடப்பட்டு, கச்சா எண்ணெயை நேரே செங்கடற்கரைக்குக் கொண்டு செல்லும் குழாய்த் திட்டம் முன்வந்தது. தெற்கின் செல்வம் தெற்கில் தங்காமலே கடலுக்குச் செல்லும் வழி அது என்று தென்பகுதியினர் கொண்டனர்.

1983-இல் அதிபர் நுமைரி தெற்கின் தன்னாட்சியை நீக்கினார். ஜான் காரங் தலைமையில் சூடான் மக்கள் விடுதலைப் படை தோன்றியது. காரங் வளர்ச்சித் திட்டங்களை அறியாதவர் அல்லர்; தென்பகுதியில் வெட்டப்பட்ட ஜோங்லி கால்வாயைப் பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். 1984 பிப்ரவரியில் கிளர்ச்சிப் படையினர் செவ்ரான் முகாமைத் தாக்கிப் பணியாளர் மூவரைக் கொன்றனர். நிறுவனம் பணியை நிறுத்தியது. குழாய் இன்மையால் எண்ணெய் மண்ணுக்கடியிலேயே பதினைந்தாண்டு உறங்கிற்று.

அதனை எழுப்பியவர் வேறு நாட்டினர். சீனத் தேசியப் பெட்ரோலிய நிறுவனம் 40 விழுக்காடும், மலேசியாவின் பெட்ரோனாஸ் 30 விழுக்காடும், கனடாவின் டாலிஸ்மன் 25 விழுக்காடும், சூடான் அரசு நிறுவனம் 5 விழுக்காடும் பங்கு கொண்டன. ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே வந்த எண்ணெயை ஏற்றிய முதற்கப்பல் 1999 ஆகஸ்டு இறுதியில் புறப்பட்டது. அடுத்த மூன்று வாரங்களில் குழாய் தகர்க்கப்பட்டது. நாம் இங்குச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அத்தாக்குதல் நிகழ்ந்தது தெற்கில் அன்று. வடக்கே அத்பரா நகரருகே. பொறுப்பேற்றது, வடபகுதி எதிர்க்கட்சியினரும் காரங்கின் இயக்கமும் சேர்ந்த கூட்டணி. இப்போரை முஸ்லிம், கிறித்தவர் பூசலென்று மட்டும் சொல்லி அமைவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மண்ணுக்கடியில் புதைந்த குழாயைச் சில நாள்களில் செப்பனிட்டுவிடலாம். ஆனால் வயல்களைக் காக்க ஆளற்ற நிலம் தேவைப்பட்டது. குடிசைகள் எரிக்கப்பட்டன, நுவேர், திங்கா மக்கள் மந்தைகளோடு துரத்தப்பட்டனர். கனடா அரசு அனுப்பிய ஜான் ஹார்க்கர் குழு 2000-இல் தந்த அறிக்கை, எண்ணெய் எடுப்பு போரை மேலும் கடுமையாக்குகிறது என்றும், ஹெக்லிக் விமானத் தளத்தைப் படையினர் பயன்படுத்தினர் என்றும் கூறிற்று. எதிர்த்தவர்களும் தூயவரென்று சொல்லல் அரிது. 1997-இல் நுவேர் தலைவர் ரியக் மச்சார் அரசோடு உடன்பாடு செய்தார். பின்னர் எண்ணெய் வயல்களுக்காக நுவேர் படைகளே ஒன்றையொன்று தாக்கின. கண்டனம் பெருகவே டாலிஸ்மன் விலகியது. 2003-இல் அதன் பங்கை வாங்கியது நம் நாட்டின் ஓ.என்.ஜி.சி. விதேஷ் நிறுவனம் என்பதையும் குறித்தல் வேண்டும்.

2005-ஆம் ஆண்டு உடன்படிக்கை தென்பகுதி எண்ணெயின் நிகர வருவாயில் பாதியைத் தெற்கிற்கு அளித்தது. 2011 ஜூலை 9 அன்று தென் சூடான் தனிநாடாயிற்று. வயல்களில் பெரும்பகுதி அதற்கு வந்தது. குழாயும் துறைமுகமும் வடக்கிலேயே நின்றன. நேற்றுவரை குழாயை இலக்கென்று அறிவித்தவர்கள் இன்று அதற்குக் கட்டணம் பேசும் நிலைக்கு வந்தனர். பீப்பாய்க்கு 36 டாலர் வரை வடக்கு கேட்டது. தெற்கு ஏறத்தாழ ஒரு டாலரே தருவதாகக் கூறியது. கட்டணத்திற்கு ஈடாக வடக்கு எண்ணெயையே எடுத்துக்கொள்ள, 2012 ஜனவரியில் தெற்கு தன் கிணறுகள் அனைத்தையும் தானே மூடியது. அரசின் வருவாயில் 98 விழுக்காடு அவற்றிலிருந்தே வந்தது! எந்தப் போரும் செய்யாத அளவுக்குக் குழாயை அடைத்தவர் எண்ணெயின் புதிய உரிமையாளரே. கென்யக் கடற்கரைக்கு வேறு குழாய் அமைக்கும் பேச்சு எழுந்து நின்றது. 2013-இல் பழைய வழியே எண்ணெய் மீண்டும் ஓடிற்று.

2023 ஏப்ரலில் வடக்கே படைத் தலைவர்களிடையே போர் மூண்டது. தென் சூடானின் ஒருவகை எண்ணெய் மெழுகு மிக்கது. சூடேற்றித் தள்ளாவிடில் குழாயிலேயே உறையும். போர்க்களத்தினூடே செல்லும் குழாயின் நிலையங்களுக்கு எரிபொருள் சென்று சேர்வது அரிதாயிற்று. 2024 பிப்ரவரியில் எண்ணெய் உறைந்து குழாய் உடைந்தது. அதனைத் தென்னவர் எவரும் தாக்கவில்லை. ஜூபாவில் அரசு ஊழியர்கள் மாதக்கணக்கில் ஊதியமின்றி இருந்தனர்.