தூங்கினால் குற்றமா?

பார்த்தே ஆகவேண்டிய உலகப் படங்கள் என்று விமர்சகர்கள் போடும் பட்டியலைப் பார்த்தால் தூக்கம் வருகிறது. கலைவாணர் நகைச்சுவை மட்டும் அலுக்கவே இல்லை. என் ரசனையில் கோளாறா?
- வாசகர், வடசேரி

ஒரு கோளாறும் இல்லை. ஒழுகினசேரிக்காரரான கலைவாணரை அடுத்த ஊர்க்காரர் ரசிக்காமல் வேறு யார் ரசிப்பது?

பட்டியலே ஒரு நிலையில் நிற்பதில்லை. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 10 ஆண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுக்கிறது. 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’தான் முதலிடம். 2012-ல் ‘வெர்டிகோ’ அதை இறக்கியது. 2022-ல் ‘ழான் தீல்மன்’: 201 நிமிடப் படம், நாயகி உருளைக்கிழங்கு உரிப்பதைக்கூட விடாமல் காட்டுவார்கள். அதில் கண் அசந்தால் பாவமில்லை.

அதே பட்டியலில் சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’, ‘மாடர்ன் டைம்ஸ்’ இரண்டும் உண்டு. ‘நல்லதம்பி’யில் கலைவாணரின் கிந்தனார் காலட்சேபத்தை ரசித்தவருக்கு அவை நிச்சயம் பிடிக்கும். அங்கிருந்து தொடங்குங்கள், மற்றவை அரை மணி நேரத்தில் ஒட்டாவிட்டால் தாராளமாக நிறுத்திவிடுங்கள்.